அவர் நாவலில் எனக்குக் கிடைத்த இடம்

அந்த அறிவிப்புக் காகிதம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. முதல் பாடத்துக்கு நான் போன அன்று என் மாணவி அதைத்தான் மேஜைமேல் எடுத்து வைத்தார். அவர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் நீச்சல் குளத்துச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பர்மிய மொழி. 'நிலவரம் காரணமாக மறு அறிவிப்பு வரை மாலையில் குளம் மூடப்பட்டிருக்கும்' என்றது ஆங்கிலம். 'நிலவரம்' என்பதற்குப் பர்மிய மொழியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். திருப்பிப் படித்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை. 'மாலையில் குளம் இல்லை' என்று மட்டும் இருந்தது. அவர் உரக்கச் சிரித்தார். "அப்படியானால் இந்த நிலவரம் எங்களுக்கு மட்டும்தானா?" என்றார். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பல வருடங்களாகப் பர்மிய மொழி சொல்லித் தருகிறேன். முதல் பாடத்திலேயே இப்படிக் கேட்ட ஒருவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

பனி பெய்யும் ஒரு சிறிய நாட்டிலிருந்து வந்தவர் அவர். ஐம்பதைத் தாண்டியவர். கிராமத்துக் கிணறுகளின் தண்ணீரைச் சோதிக்கும் வேலைக்காக ஒரு உதவி நிறுவனம் அவரை யாங்கூனுக்கு அனுப்பியிருந்தது. பட்டாளம் மறுபடி ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு அந்த நிறுவனம் அலுவலகத்தை மூடிவிட்டுப் போனது. இவர் போகவில்லை. வீட்டு ஒப்பந்தம் இன்னும் இருக்கிறது என்றார். விசா இன்னும் இருக்கிறது என்றார். ஒருநாள் நான் விடாமல் கேட்டபோது, "குளத்துத் தண்ணீர் ஏன் பழுப்பாக இருக்கிறது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை, சயா" என்றார். பர்மிய மொழியில் ஆசிரியரைச் சயா என்பார்கள். மூன்று வருடமும் என்னை அவர் அப்படித்தான் கூப்பிட்டார். நான் அவரை மேடம் என்றேன்.

அவர் கட்டடத்தில் இருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஏன் போகாமல் இருந்தார்கள் என்பது எனக்குத் தீராத வியப்பு. யாங்கூனின் லான்மடா பகுதியில் ஐந்தாவது மாடியில் எங்கள் வீடு. லிஃப்ட் கிடையாது. மின்சாரம் வந்தால்தான் தண்ணீர் மேலே ஏறும். மின்சாரம் வந்ததும் தெருவில் உள்ள அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் 'மீ லா பீ' என்று கத்துவார்கள், வெளிச்சம் வந்துவிட்டது என்று. எங்களுக்குப் போக இடமில்லை, இருந்தோம். என் கொள்ளுத்தாத்தா அலோன் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்க வந்தவர். நாலு தலைமுறையாகியும் அலுவலகங்களில் என் முகத்தையும், குடியுரிமையின் வகையைக் காட்டும் அடையாள அட்டையின் நிறத்தையும் பார்த்துவிட்டு, "நீ எந்த ஊர்?" என்று கேட்பார்கள். "இந்த ஊர்தான்" என்பேன். போவதற்கு வேறு நாடு வைத்திருப்பவர்களோ பையைக் கட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பாடத்திலும் அவர்களைப் பற்றி அவரிடம் ஏதாவது கேட்டுத் தெரிந்துகொள்வேன். வீட்டுக்குத் திரும்பி மனைவியிடமும் மகனிடமும் சொல்வேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சிரிப்பதற்கு இருந்த விஷயம் அது ஒன்றுதான்.

அவர் கட்டடத்தின் மேல்மாடியில் ஒருவர் பாலாடைக்கட்டி சேர்த்து வைத்திருந்தார். மின்சாரம் போகும்போதெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் உள்ள நண்பர் வீட்டுக்கு ஓடுவார். ஒரு தம்பதி, தங்களைப் பிடித்து விசாரித்தால் என்ன பதில் சொல்வது என்று காலையுணவின்போது ஒத்திகை பார்த்தார்கள். கணவன் அதிகாரியாகவும் மனைவி கைதியாகவும் இருப்பார்கள், மறுநாள் மாற்றிக்கொள்வார்கள். ஒரு நிபுணர் வாரந்தோறும் அறிக்கை எழுதினார். அதைப் படிக்க வேண்டியவர்கள் எல்லோரும் எப்போதோ நாட்டைவிட்டுப் போய்விட்டிருந்தார்கள். எல்லோரும் கூடிப் பேசும்போது, "என் டிரைவர் சொன்னார்" என்றுதான் ஆரம்பிப்பார்களாம். நாளைக்குப் பெட்ரோல் இருக்காது, எந்தப் பாலம் மூடியிருக்கும், யார் எங்கே ஓடிப்போனார் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு செய்தி இருக்கும். பல மாதம் கழித்துத்தான் என் மாணவி கண்டுபிடித்தார், அவர்கள் அத்தனை பேருக்கும் டிரைவர் ஒருவர்தான் என்று. அந்த டிரைவர் இவரிடம் கேட்டதை அவரிடமும், அவரிடம் கேட்டதை இவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் நாவலாக எழுதப்போவதாக அவர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் எழுதத் தூண்டியது டிரைவரோ பாலாடைக்கட்டியோ இல்லை. ஒரு பிற்பகலில் நான் போனபோது தேநீர் தயாராக இல்லை. அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். கட்டடத்தின் காவல்காரர், வயதானவர், குளத்தைச் சுத்தம் செய்பவரும் அவரே, முந்தின நாள் கடைக்குப் போகும் வழியில் பிடிபட்டிருந்தார். எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. குடியிருப்பவர்கள் கூட்டம் போட்டார்கள். ஒரு மணி நேரம் பேசினார்கள். "எனக்குத் தெரிந்த பர்மிய மொழியிலேயே சொல்கிறேன்" என்று அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னார். "கூட்டத்தில் முதல் கேள்வி, குளத்துச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்பது. அதைக் கேட்டது நான்தான், சயா."

கிழவர் சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தார். பாதி உடம்பாகியிருந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் குளத்தில் இறங்கிப் பாசியைத் துடைத்தார். குடியிருப்பவர்கள் அவருக்குக் கேக் வாங்கிக் கொடுத்தார்கள். அதன் மேல் 'நல்வரவு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. என் மாணவி எழுத ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

ஆங்கிலத்தில்தான் எழுதினார். ஆனால் ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அதன் சுருக்கத்தைப் பர்மிய மொழியில் எழுதி, வீட்டுப்பாடமாக என் முன்னால் வைப்பார். நான் வினைச்சொற்களைத் திருத்துவேன். பிடிபட்டால் சிறைக்கு அனுப்பக்கூடிய ஒரு கதைக்குச் சிவப்பு மையால் இலக்கணம் திருத்திக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பாடம் முடிந்ததும் அவரே அந்தத் தாள்களைக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கிழித்துத் தண்ணீரில் கரைத்துவிடுவார். பர்மிய மொழியில் வாக்கியத்தின் முடிவில் 'பா' என்று ஒரு சிறு ஒலியைச் சேர்த்தால் மரியாதை. தமிழில் 'வாப்பா' என்றால் நெருக்கம், பர்மிய மொழியில் 'லா பா' என்றால் 'வாருங்கள்'. அவர் கதையில் வீட்டைச் சோதனையிட வரும் அதிகாரி எல்லா வாக்கியத்திலும் 'பா' சேர்த்துப் பேசினார். பிறகு இது அதிகமோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. "அவர்கள் அதட்டத்தானே செய்வார்கள்? எடுத்துவிடட்டுமா?"

"இருக்கட்டும் மேடம்" என்றேன். "அப்படித்தான் பேசுவார்கள். 'தயவுசெய்து செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், கொஞ்சம் வந்துவிட்டுப் போகலாம்' என்பார்கள்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இலக்கணம் தெரியும்" என்றேன்.

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எங்கள் பாடங்கள் எல்லாமே அப்படித்தான் நடந்தன. அவர் சொல்வார், நான் கேட்பேன். அவருடைய அம்மாவின் நோய் எனக்குத் தெரியும், பிரிந்துபோன கணவருக்கு எந்த இசை பிடிக்கும் என்றும் தெரியும். எனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். அவன் பெயர் தெரியாது.

நாலாவது அத்தியாயத்தில் ஒரு ஆசிரியர் வந்தார். லான்மடாவிலிருந்து பஸ்ஸில் வருகிறார், மழை நாளில் லுங்கியை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொண்டு படியேறுகிறார், தேநீரில் சர்க்கரை போடுவதில்லை. வெளிநாட்டுக்காரர்கள் உளறுவதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஞானி மாதிரி ஒரு வாக்கியம் சொல்கிறார். படித்து முடித்தேன். பேனாவை மூடி வைத்தேன்.

"என்னை எடுத்துவிடுங்கள், மேடம்."

"இது நீங்கள் இல்லை. கற்பனைப் பாத்திரம்."

"தேநீர் என்னுடையது. லுங்கி என்னுடையது. அந்த ஞானம் மட்டும்தான் என்னுடையது இல்லை."

அவர் சிரிக்கவில்லை. "இந்தப் புத்தகத்தில் வாசகர்கள் நேசிக்கப்போகிற ஒரே ஆள் அவர்தான்" என்றார்.

"நீங்கள் ஒருநாள் விமானம் ஏறிவிடுவீர்கள். புத்தகம் அதற்குப் பிறகு வரும். அது வரும்போது நான் அந்த ஐந்தாவது மாடியில்தான் இருப்பேன்."

அவர் தாளை எடுத்தார். பிறகு அந்தப் பக்கத்தை என் கண் முன்னாலேயே கிழித்தார். "எடுத்துவிட்டேன்" என்றார். அதற்குப் பிறகு வந்த சுருக்கங்களில் ஆசிரியர் யாரும் வரவில்லை. நான் நிம்மதியாக வினைச்சொற்களைத் திருத்தினேன். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. தன்னைப் புத்தகத்தில் பார்க்கிற ஆசை யாருக்குத்தான் இல்லை?

மூன்றாம் வருடம் முடிவதற்குள் அவருக்கு விசாவை நீட்டிக்க மறுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. கடைசிப் பாடத்தில் விமான நிலையத்தில் பேச வேண்டிய வாக்கியங்களைப் படித்தோம். போகும்போது என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். குளத்துத் தண்ணீர் ஏன் பழுப்பானது என்று கேட்டேன். மாடியில் உள்ள தொட்டி துருப்பிடித்திருக்கிறது, முதல் மாதமே தெரிந்துவிட்டது என்றார்.

புத்தகம் போன மழைக்காலத்தில் வந்தது. பாங்காக்கிலிருந்து வந்த என்னுடைய வேறொரு மாணவர் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் எல்லா மாடியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும், முனையில் ஒரு கொக்கி இருக்கும். கறிகாய், செய்தித்தாள் எல்லாம் அதில்தான் மேலே ஏறும். அவர் கீழே நின்று பையைக் கொக்கியில் மாட்டினார், என் மனைவி இழுத்தாள். பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னாங்க, சமையல் புஸ்தகம்! இதுக்கா அவ்வளவு ரகசியமாப் பேசுனீங்க?" என்றாள். சோதனைக்குத் தப்ப மாட்டிய மேலட்டை சமையல் புத்தகத்துடையதுதான், ஒரு பெரிய மீன் படம். உள்ளே இருந்தது நாவல்.

நான் அவசரமாகப் புரட்டினேன். கட்டடம் இருந்தது, குளம் இருந்தது. பாலாடைக்கட்டிக்காரர், ஒத்திகைத் தம்பதி, எல்லோருக்கும் ஒரே டிரைவர், எல்லோரும் இருந்தார்கள். காவல்காரர் பிடிபடுகிறார், சாவியைப் பற்றிக் கூட்டம் நடக்கிறது, கேக் வருகிறது. என்னைத் தேடினேன். ஆசிரியர் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். ஆனால் நாலாவது அத்தியாயத்தில் ஒரு நாய் படியேறி வந்தது. தெரு நாய், நடுவயது, எங்கிருந்தோ நெடுந்தூரம் நடந்து வருகிறது. மழை நாளில் ஈரம் சொட்டாதபடி கவனமாக வாசல் மிதியடியில் நிற்கிறது. இனிப்பு வைத்தால் தொடுவதில்லை. வெளிநாட்டுக்காரர்கள் பேசும்போது ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறது, தலையை லேசாகச் சாய்க்கிறது. எல்லோரும் அதனிடம் போய்த் தங்கள் மனசில் இருப்பதைக் கொட்டுகிறார்கள். கதை முழுக்க அது ஒருமுறைகூடக் குரைப்பதில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நாயாவா போட்டிருக்கா அந்தம்மா? மூணு வருசம் பாடஞ் சொல்லிக் குடுத்ததுக்கு நாயா?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"எடுக்கச் சொன்னா எடுத்துறணும். பூனையாப் போட்டாக்கூடப் பரவால்ல" என்றாள். பிறகு உட்கார்ந்து, "சரி, படிங்க. என்னதான் பண்ணுது அந்த நாயி?" என்றாள்.

அவளுக்கு ஆங்கிலம் வராது. நான் நாய் வருகிற பக்கங்களை மட்டும் தேடி, தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அவள் மருந்துக் கடை வேலையிலிருந்து திரும்பியதும் ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டோம். நாய் தலையைச் சாய்க்கும் இடங்களில் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்களேதான்! நான் ஏதாவது கேட்டாலும் இப்படித்தான் சாச்சுக்கிட்டு நிப்பீங்க" என்றாள். எனக்கும் ரோஷம் மெல்லக் கரைந்தது. இந்த நாய் நல்ல நாய், புத்திசாலி நாய் என்று எனக்கே பட ஆரம்பித்தது.

ஒருநாள் கடைசிக்கு முந்தின அத்தியாயத்துக்கு வந்தோம். நான் வாசித்ததை இங்கே ஏறக்குறைய அப்படியே சொல்கிறேன். 'அன்றைக்கு நாய் வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளிக்கதவைப் பார்த்து உட்கார்ந்தது. கூப்பிட்டால் திரும்பியது, ஆனால் நாங்கள் யார் என்று தெரியாதது மாதிரிப் பார்த்தது. முன்னால் வைத்த பிஸ்கட்டில் எறும்பு ஏறியது. நாய்க்கு வயசாகிவிட்டது என்றார் நிபுணர். எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.'

மனைவி கையை நீட்டிப் புத்தகத்தின் மேல் வைத்தாள். "நிறுத்துங்க."

நிறுத்தினேன்.

"இது தம்பி போன அன்னிக்கு. வீட்டுக்கு வந்தும் இப்படித்தான் வாசலப் பாத்து உக்காந்திருந்தீங்க" என்றாள்.

எங்கள் மகனைத்தான் அவள் தம்பி என்பாள். இளைஞர்களைக் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்கும் சட்டம் வந்தபோது அவனுக்கு அந்த வயது. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வட்டாரத்தில் பெயர்ப் பட்டியல் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட வாரமே எல்லைப் பக்கம் போகும் பேருந்தில் ஏற்றிவிட்டோம். தாய் வந்தால் அழுவாள், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும் என்று அவளை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். அலுவலகத்துக்குப் போகிறவன் மாதிரி ஒரு சின்னப் பைதான் அவனிடம் இருந்தது. பேருந்து புறப்படத் தாமதமானது. ஜன்னல் பக்கமே நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் குனிந்து, "ரொம்ப நேரம் நிக்காதீங்கப்பா, பாக்குறாங்க. போங்க, உங்க கிளாஸுக்கு நேரமாச்சு" என்றான். அவன் சொன்னதற்காகவே போனேன். வேறு எங்கே போவது என்றும் தெரியவில்லை.

அன்றைய பாடம் என்ன என்று நினைவில்லை. எப்போதும்போல் நடத்திவிட்டதாகத்தான் இதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். நாவலைப் படித்தபிறகுதான், நான் உட்காரும் நாற்காலியில் அன்று உட்காராமல் ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தது மங்கலாக ஞாபகம் வருகிறது.

"நீங்க அவங்ககிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டாள் மனைவி. அந்தம்மா என்பது அவங்க ஆகியிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லல."

"பின்ன எப்படி எழுதினாங்க?"

"பார்த்திருக்காங்க."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒருத்தராவது பார்த்தாங்களே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "போன் போட்டுச் சொல்லுங்க. பாவம், அவங்களுக்கு என்னான்னே தெரியாம எழுதியிருக்காங்க" என்றாள்.

எனக்குத் தயக்கமாக இருந்தது. வெளிநாட்டுக்குப் பேசுவதும், பேசியதைப் போனிலிருந்து அழிப்பதும், தெருமுனையில் யாராவது போனை வாங்கிப் பார்த்தால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொள்வதும் இன்றைய யாங்கூனில் ஒரு தனி வேலை. இணையம் ஒழுங்காக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதுமே அவர் பர்மிய மொழியில் பேச ஆரம்பித்துவிட்டார். துருப்பிடித்திருந்தாலும் 'பா' எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. புத்தகம் கிடைத்தது என்றேன். கொஞ்சம் தடுமாறினார்.

"நாய்க்காகக் கோபமா, சயா?"

"மனைவிக்கு இருந்தது. இப்போது இல்லை."

"ஆசிரியரை எடுத்தபிறகு அந்த வீடே காலியாகிவிட்டது. யாராவது வந்து போக வேண்டியிருந்தது. ஆனால் உங்களைப் பேசவைக்க எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மூன்று வருடத்தில் ஒருநாளும் சொன்னதில்லை."

உண்மைதான். அவருடைய நாட்டைப் பற்றி, அண்டை வீட்டாரைப் பற்றி, அவர் போடும் உப்பைப் பற்றிக்கூடக் கேட்டிருக்கிறேன். பதிலுக்கு நான் கொடுத்தது இலக்கணம். அது பயம் மட்டும்தானா, பழக்கமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விடுகிறது.

"மேடம்," என்றேன். "கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் நாய்க்கு வயசாகவில்லை."

பிறகு மகனின் பெயரைச் சொன்னேன். பேருந்தைச் சொன்னேன், பையைச் சொன்னேன், அவன் கிளாஸுக்குப் போகச் சொன்னதைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. இப்போது எங்கே இருக்கிறான் என்று மட்டும் கேட்டார். மலேசியாவில், ஒரு சாப்பாட்டுக் கடையில் என்றேன். முதலாளி தமிழர், எங்கள் பையனுடைய தமிழைக் கேட்டுச் சிரிக்கிறாராம், நீ எந்த ஊர் என்று அங்கேயும் கேட்கிறார்களாம். யாங்கூன் என்கிறானாம். நன்றாக இருக்கிறான், போன மாதம் இளைத்திருந்தான், இந்த மாதம் பரவாயில்லை என்றேன்.

"அன்றைக்கு ஏன் வந்தீர்கள், சயா? லீவு சொல்லியிருக்கலாமே. நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன்."

"வீட்டில் இருந்திருந்தால் குரைத்திருப்பேன்" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணையம் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. மனைவி அடுப்படி வாசலில் நின்று, பேசுங்க என்று கையைக் காட்டினாள். மறுபடி காதில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த அதிகாரி என் அண்ணனிடம் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்ன நாளிலிருந்து ஆரம்பித்தேன்.